மாமாவின் கிணற்றில் நான் தொட்டது

அந்த யோசனை வந்தபோது என் வலது கை தோள்பட்டை வரைக்கும் நீலத் தண்ணீருக்குள் இருந்தது.

ஓடைப்பட்டியில் என் தாய்மாமாவின் திராட்சைத் தோட்டம். கொடிக்கு மருந்தடிக்கிற நாள். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்து வைத்திருந்த சிமெண்ட் தொட்டிக்குள், தெளிப்பானின் பித்தளை மூக்கு கழன்று விழுந்துவிட்டது. அந்த மருந்துத் தண்ணீர் நீலப் பால் மாதிரி இருக்கும். விரற்கடை ஆழத்துக்குக் கீழே ஒன்றும் தெரியாது. தொட்டியைக் காலி பண்ணலாமா, வேண்டாமா என்று வேலைக்கு வந்தவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் கையை விட்டுவிட்டேன். எனக்குக் காத்திருக்க வராது. படிக்கிற காலத்திலும் வராது, இப்போதும் வராது.

கண்கள் திறந்துதான் இருந்தன. ஆனால் விரல்கள்தான் பார்த்தன. இது சுண்ணாம்புக் கட்டி, அழுத்தினால் நசுங்குகிறது. இது குச்சி. இது தொட்டியின் பெயர்ந்த பூச்சு. இது வழவழப்பு, கனம், ஓரத்தில் மரை ஓடுகிறது. இதுதான்.

எடுத்துக் கொடுத்துவிட்டு அப்படியே நின்றேன்.

"ஏத்தா, என்ன பேயறஞ்ச மாதிரி நிக்கிற? கையக் கழுவு. துத்தம் தோல அரிச்சுப்புடும்" என்றார் அத்தை.

நான் கையைக் கழுவவில்லை. என் தலைக்குள் அந்த நேரத்தில் கடலுக்கடியில் போகும் ரோபோக்கள் ஓடிக்கொண்டிருந்தன. கல்லூரி முடித்த நாளிலிருந்து அவற்றின் வீடியோக்களைப் பார்த்தே என் கண் கெட்டுப்போயிருந்தது. கப்பலில் ஒருவர் விஆர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கீழே ரோபோவின் கேமரா பார்ப்பதெல்லாம், அவரே தண்ணீருக்குள் நிற்பதுபோலச் சுற்றிலும் தெரியும். சேறு கிளம்பிவிட்டால் அவருக்கும் ஒன்றும் தெரியாது. அது அடங்கும்வரை காத்திருப்பார். எங்கள் ஊர்க் கிணறுகளில் கலங்கல் தெளியட்டும் என்று காத்திருந்தால் கொடி காய்ந்துவிடும். கிணற்றுக்குள் ரோபோவின் கொடுக்கு எதைத் தொட்டாலும் அந்த அழுத்தம் மேலே இருக்கிற என் விரலுக்கு வந்துவிட்டால், கண்ணே தேவையில்லையே. அப்படிப்பட்ட கையுறைகளைப் பெரிய ஆய்வுக்கூடங்களில் செய்கிறார்கள் என்று படித்திருந்தேன். கிணற்று மோட்டார் எடுப்பதற்காக யாரும் செய்ததாகப் படிக்கவில்லை.

நீலக் கையோடு போனை எடுத்து ஒருத்தியை அழைத்தேன். அன்றைக்கு வேறு யாரையாவது அழைத்திருக்கலாம் என்று இப்போது தோன்றாமல் இல்லை.

அவளைத் தோழி என்றே எழுதுகிறேன். வேறு சொல் தேடிப் பார்த்தேன், கோபத்தில் எழுதியது போலத்தான் எல்லாம் வந்தது. கல்லூரியில் ஒரே பெஞ்சு. தேனி கடைவீதியில் அவள் வீட்டாருக்கு மோட்டார், பைப் விற்கிற கடை. மேலே வீடு, அதற்கு மேலே மொட்டைமாடி. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் எல்லோரும் சர்ச்சுக்குப் போன பிறகு அந்த மாடியும், அதிலிருந்த பழைய தண்ணீர்த் தொட்டியும் எங்களுடையவை. சர்ச் என்றால் அவளுக்குத் தலைவலி வரும், மாடிக்கு ஏறினால் சரியாகிவிடும். அவள் அம்மாவுக்கு அது தெரியும்.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். அறுப்பது, ஒட்டுவது, பற்றவைப்பது என்னுடையது. புரோகிராம் அவளுடையது. அவள் எழுதுவதில் பாதி எனக்குப் புரியாது. நான் செய்வது முழுதும் அவளுக்குப் புரியும். அந்த வித்தியாசத்தை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இயந்திரம் ஒரு குடத்தின் அளவுதான். பக்கத்துக்கு ஒன்றாகச் சின்னக் காற்றாடிகள், முன்னால் கேமரா, விளக்கு, அதற்குக் கீழே இரண்டு கொடுக்கு. கொடுக்கின் நுனியில் அழுத்தம் அறியும் சென்சார். மேலே என் கையில் ஒரு துணி உறை. ஒவ்வொரு விரலின் முதுகிலும் தூண்டில் நரம்பு ஓடி மணிக்கட்டில் இருக்கும் சின்ன மோட்டாரில் சுற்றியிருக்கும். கீழே கொடுக்கு எதிலாவது மோதினால் மேலே மோட்டார் நரம்பை இழுத்துப் பிடிக்கும், விரல் மேற்கொண்டு மடங்காது. எதையோ பிடித்திருக்கிற உணர்வு வந்துவிடும். பார்த்தவர்கள் எல்லாம் அதை நண்டு என்றார்கள். நாங்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தோம்.

முதல் தொடுதல் ஒரு எவர்சில்வர் டம்ளர். அவள் தொட்டியில் போட்டுவிட்டு எங்கே போட்டாள் என்று சொல்லவில்லை. நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்தேன். நரம்பு விரலை நிறுத்தியபோது எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்க முடியவில்லை. "என்னடி?" என்று கேட்டாள். "டம்ளரு. வாயி மேல இருக்கு" என்றேன். அவள் ஓடிவந்து என் தோளைப் பிடித்து உலுக்கினாள். அந்த ஒரு தொடுதல் உண்மை. அதை அவளிடமிருந்து நான் பிடுங்கப் போவதில்லை.

கொஞ்ச நாளில் சென்சாருக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. நரம்பு கண்டபடி துடிக்கும், பிறகு செத்துக் கிடக்கும். "இத எங்கிட்ட விட்டுட்டுப் போ, நான் பாத்துக்கறேன்" என்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனபோது, "பசைய மாத்திட்டேன்டி. இனிமே புகாது" என்றாள். உறையை மாட்டிப் பார்த்தேன். முன்பைவிட நன்றாக இருந்தது. துடிப்பு இல்லை, தாமதம் இல்லை, கல்லென்றால் கல், குழாயென்றால் குழாய்.

"இவ்வளவு சுத்தமா வருதேடி" என்றேன்.

அவள் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினாள். கொடுக்கைத் திறந்து பார்க்க ஒரு திருப்புளி போதும். திருப்புளி என் பையிலேயே இருந்தது. அவள் சொன்னாள், நான் கேட்டுக்கொண்டேன். கூடப் படித்தவள் சொன்னதைத் திறந்து பார்க்க வேண்டும் என்று எனக்கு ஏன் தோன்றப் போகிறது?

அந்தச் சமயத்தில்தான் மாமாவின் கிணற்றில் மோட்டார் சிக்கியது.

அது பங்குக் கிணறு. மாமாவுக்கும் அவருடைய பங்காளிக்கும் பொது, மோட்டாரும் பொது. ஒரு நாள் இவர் முறை, மறுநாள் அவர் முறை. காலையில் முறை மாறும். முறைக்காரருக்குத்தான் அன்றைக்குக் கிணறு. இரண்டு பேருக்கும் பல வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. முறை மட்டும் தவறியதில்லை. பேச்சில்லாமல் ஒரு கிணற்றை ஆள முடிகிறதென்றால் அதற்கு அந்த முறைதான் காரணம் என்று மாமா பெருமையாகவே சொல்வார்.

தொங்கவிட்டிருந்த கயிறு அறுந்து, மோட்டார் சரிந்து, தண்ணீருக்குள் ஒரு பாறைத் திட்டில் உட்கார்ந்துவிட்டது. பைப் வளைந்து நின்றது. கொத்துகளில் காய் பருக்கிற நேரம். அப்போது தண்ணீர் இல்லையென்றால் காய் சுருங்கும், சுருங்கினால் அந்த வெள்ளாமை போனது போனதுதான். மோட்டார் இறக்கி ஏற்றும் ஆட்களுக்கு மாமா சொல்லி அனுப்பப் போனார். மூழ்கிப் பார்க்கிற ஆளும் அவர்களிடம் உண்டு. நான் குறுக்கே விழுந்தேன்.

"மாமா, ஆள உள்ள எறக்காதீங்க. அந்தப் பைப்பு எப்பச் சரியும்னு தெரியாது. நண்ட எறக்குவோம். கொக்கிய வளையத்துல மாட்டிக் குடுத்துட்டா மேல இருந்தே இழுத்துறலாம்."

மாமா பந்தல் பக்கம் திரும்பிப் பார்த்தார். "காய் பொறுக்காதுத்தா" என்றார்.

"ஒங்க அடுத்த முறைக்குள்ள எடுத்துருவோம்."

"நீ சொல்ற. செய்யி" என்றார். எங்கள் வீட்டில் யாரும் என் படிப்பைப் பற்றி அவ்வளவு சுருக்கமாக நல்ல வார்த்தை சொன்னதில்லை.

மாமாவின் முறை நாளில் முதல் இறக்கம். தண்ணீர் தெளிவாக இருந்தது. நண்டு மோட்டாரைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்தது. தோழி அந்தப் படங்களைச் சேர்த்து, கிணற்றின் உட்புறத்தையே விஆர் கண்ணாடிக்குள் கட்டிவிட்டாள். பாறைத் திட்டு, வளைந்த பைப், மோட்டார் தலையில் இருக்கும் இரும்பு வளையம், எல்லாம் அப்படியே. வளையத்தின் அளவுக்கு ஏற்ற கொக்கி எங்களிடம் இல்லை. அளவெடுத்துக்கொண்டு சின்னமனூர் பட்டறைக்குப் போய் அடித்துவர வேண்டியிருந்தது. ஆக, மாமாவின் அடுத்த முறைக்கு என்று முடிவானது. இடையில் பங்காளியின் முறை ஒரு நாள்.

கொக்கியோடு நாங்கள் திரும்பியபோது தண்ணீர் கலங்கிக் கிடந்தது. செம்மண் கரைசல்.

"என்ன மாமா, மழைகூட இல்லையே. ஏன் இப்டிக் கலங்கியிருக்கு?"

"நேத்து அவன் முறை. அவன் முறையில என்னா நடந்துச்சுன்னு நான் எதுக்குக் கேக்கணும்?" என்றார் மாமா. அதற்குமேல் நானும் கேட்கவில்லை. கேட்டால் அது வம்புக்குப் போவது. எங்கள் பக்கத்தில் யாரும் கேட்க மாட்டார்கள்.

இழுப்பதற்கு ஆட்கள் வந்து கிணற்றின்மேல் மூன்று இரும்புக் கால்களைச் சேர்த்து முக்காலி நட்டு, சங்கிலிக் கப்பியைத் தொங்கவிட்டிருந்தார்கள். அவர்களுக்கு நாங்கள் அன்றைய வேடிக்கை.

"அண்ணே, கெணத்துல நண்டு இல்லைன்னு இவுக வெளிய இருந்து கொண்டாந்து விடுறாக" என்றார் ஒருவர்.

"கொழம்பு வைக்கறப்ப நமக்கும் சொல்லி விடுவாக, பொறு" என்றார் இன்னொருவர்.

மாமாவும் சிரித்தார். அவர் சிரித்ததில் ஒரு பெருமிதம் இருந்தது.

தோழி என் பக்கத்தில் வந்து நின்று, "இன்னைக்கு வேணாமா? தெளிஞ்சதுக்கப்புறம் பாப்பமா?" என்றாள்.

"கலங்கலுக்குன்னுதானடி இதச் செஞ்சதே" என்றேன்.

அவள் போனை ஸ்டாண்டில் வைத்து வீடியோ எடுக்க ஆரம்பித்தாள். கொச்சியில் ஒரு நிறுவனம், கப்பல் அடிப்பகுதியும் அணைகளும் சோதிக்கிறவர்கள், எங்கள் நண்டு நிஜமான கிணற்றில் வேலை செய்கிற வீடியோவைக் கேட்டிருந்தார்கள். அது எனக்கும் தெரியும். எனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல அவளுக்கு அந்த இடத்தில் ஒரு வாக்கியம் போதும். இப்போதும் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது அந்த இடத்தில்தான். கிணற்று மேட்டில் நான், எனக்கு ஒரு கை தூரத்தில் அவள். போன் சரியாக நிற்கிறதா என்று குனிந்து பார்க்கிறாள்.

இறக்கினோம். கேமராவில் செந்நிறம் தவிர ஒன்றும் இல்லை. அதனால் கண்ணாடிக்குள் முன்பு எடுத்த படத்தைப் போட்டாள். அதுவும் எனக்குத் தெரிந்தே நடந்தது. படம் பழையது, தொடுதல் புதியது. படம் வழி காட்டும், விரல் சரிபார்க்கும். எங்கள் திட்டத்தின் உயிரே அதுதான். நண்டு கொக்கியைப் பிடித்தபடி போனது. படத்தில் வளையம் நெருங்கியது. நரம்பு என் விரல்களை நிறுத்தியது. வளையத்தின் விளிம்பு, அதன் வளைவு, உள்ளே நுழைகிற கொக்கி, எல்லாம் என் கைக்குள் வந்தன.

"தொட்டுட்டியாத்தா?" மாமாவின் குரல் என் தலைக்கு மேலே கேட்டது.

"தொட்டுட்டேன் மாமா. கைக்குள்ளதான் இருக்கு."

"நெசமாவா?"

"வளையத்தோட வெளிம்புகூடத் தெரியுது."

மாமா ஆட்களுக்குக் குரல் கொடுத்தார். சங்கிலி கடகடவென்று ஓடியது, பிறகு இறுகியது, பிறகு மெல்ல ஏறியது. யாரோ "வருது, வருது" என்றார். அடுத்த நொடி முக்காலி கிரீச்சிட்டது. தண்ணீருக்குள் ஏதோ விட்டுப்போன சத்தம். நான் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினேன். மின்சார ஒயர் பாம்பு மாதிரித் துள்ளி வெளியே வந்து விழுந்தது. முனை பிய்ந்திருந்தது. கொக்கியில் வந்தது பைப்பைக் கட்டியிருந்த கிளாம்பின் பாதி. மோட்டார் திட்டிலிருந்து நழுவி, கிணற்றின் அடிக்குழிச் சேற்றுக்குள் போய்விட்டது.

நண்டை மேலே தூக்கிக் கிணற்றுச் சுவரில் வைத்தார்கள். வெயிலில் நண்டு கிடந்தது. கொடுக்கு விரிந்திருந்தது, அதற்கு நடுவே ஒன்றுமில்லை, நுனியில் கொஞ்சம் பாசி.

என் வலது கைக்குள் வளையம் இருந்தது.

விரலை மடக்கினேன். மடங்கவில்லை. அதே விளிம்பு, அதே வளைவு. கண்ணாடியை இறக்கிப் பார்த்தேன். நண்டின் ஒயர் இழுபட்டதில் படம் உறைந்து நின்றிருந்தது. படத்தில் கொடுக்கு இன்னும் வளையத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதனால் என் விரலும் பிடித்துக்கொண்டிருந்தது.

கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இடது கையால் கொடுக்கின் நுனியை அழுத்தினேன். இன்னும் பலமாக அழுத்தினேன். நகம் வெளுக்கிற அளவுக்கு அழுத்தினேன். வலது கையில் எந்த மாற்றமும் இல்லை.

அங்கே இருந்தவர்களில் நான் என்ன செய்கிறேன் என்று புரிந்தது ஒருத்திக்கு மட்டும்தான். அவளை நிமிர்ந்து பார்த்தேன். போனை ஸ்டாண்டிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப இருந்து?" என்றேன்.

"பசைய மாத்துனேன்னு சொன்னேன்ல" என்றாள் மெதுவாக. "அப்ப இருந்து."

சென்சார் மாடியிலேயே செத்துவிட்டது. அவள் பசையை மாற்றவில்லை, புரோகிராமை மாற்றியிருக்கிறாள். படத்துக்குள் வரைந்த கொடுக்கு வரைந்த பொருளில் இடித்தால், நரம்பை இழு. அவ்வளவுதான். மாடித் தொட்டியில் தெளிந்த தண்ணீர், அசையாத பொருள். படமும் நிஜமும் ஒன்றாகவே இருந்ததால் எனக்குத் தெரியவில்லை. அந்தச் சுத்தமான தொடுதலை வைத்துத்தான் நான் அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் என் விரல்களைப் பழக்கியிருக்கிறேன்.

இங்கே கிணற்றிலோ மோட்டார் இடம் மாறியிருந்தது. இழுக்க வந்தவர்களில் ஒருவர்தான் வரப்பில் டிராக்டர் டயர் பதிந்திருப்பதைக் காட்டினார். பங்காளி தன் முறையில் பைப்பில் கயிறு கட்டி டிராக்டரால் இழுத்துப் பார்த்திருக்கிறார். மோட்டார் திட்டிலேயே திரும்பி உட்கார்ந்திருக்கிறது. அவர் சொல்லவில்லை. இவர் கேட்கவில்லை. அதில் யாரையும் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. மோட்டார் திரும்பியிருந்தால் அதைக் கண்டுபிடிப்பதற்குத்தானே விரல் கீழே போனது.

கேலி பேசிய ஆட்கள் குனிந்து சங்கிலியைச் சுருட்ட ஆரம்பித்தார்கள். ஒரு வார்த்தை கிண்டலாகப் பேசியிருந்தால் நான் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பேன்.

மாமா என் பக்கம் வந்தார். கோபமில்லை. அவர் முகத்தில் இருந்ததற்கு எனக்குச் சரியான பெயர் தெரியவில்லை.

"நீ தொட்டேன்னு சொன்னியேத்தா" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் தோழி முந்திக்கொண்டாள். "மிஷின்ல தப்பாயிருச்சு மாமா."

"மிஷினு எங்கிட்ட ஒண்ணும் பேசல பாப்பா. இவதான் பேசுனா" என்றார் மாமா. பிறகு சங்கிலியைச் சுருட்டுகிறவர்களுக்குக் கை கொடுக்கப் போய்விட்டார்.

அன்றைக்கு நான் அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் அவளைக் காட்டிக்கொடுத்ததாக ஆகுமோ என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று தெரிய எனக்குச் சில நாட்கள் ஆயின.

அந்த நாட்களில் அவள் போனை எடுக்கவில்லை. தேனிக்குப் போய்க் கடையில் நின்றேன். கல்லாவில் அவள் அம்மா.

"அவ கொச்சிக்குல்ல கெளம்பிட்டா. ஏதோ கம்பெனில வரச் சொல்லிருக்காகளாம். இப்பத்தான் பஸ்ஸு ஏறுனா. ஒன்ட்ட சொல்லலையா?" என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்து, "நீயும் கூட வாறன்னுல சொன்னா" என்றார்.

அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். கம்பம் தாண்டும்வரை என்ன கேட்பது என்று யோசித்துக்கொண்டே போனேன். கூடலூரில் குமுளிக்குப் போகிற ஜீப்புகள் நிற்கிற இடத்தில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். ஓடவில்லை.

"வீடியோவக் காட்டு" என்றேன்.

காட்டினாள். மறைக்கவில்லை என்பதையும் எழுதிவிட வேண்டும். முதலில் தெளிந்த தண்ணீர், பிறகு கலங்கல், பிறகு என் முகம், விஆர் கண்ணாடி, உறை போட்ட கை. மாமாவின் குரல் இல்லை. "தொட்டுட்டேன் மாமா. கைக்குள்ளதான் இருக்கு. வளையத்தோட வெளிம்புகூடத் தெரியுது." அதோடு வீடியோ முடிந்துவிட்டது.

"இது பொய்யிடி" என்றேன்.

"நீதான சொன்ன. நான் சொல்லச் சொன்னேனா?"

"நீ தொட வச்ச, அதனால சொன்னேன்."

"பெரிய எடத்துலயும் இப்டித்தான் பண்றாக. கீழ இருந்து சிக்னல் வர லேட்டானா, அதுக்குள்ள புரோகிராம் ஊகிச்சுக் கைக்குக் குடுக்கும். நீயும் படிச்சிருக்கேல்ல?"

"படிச்சிருக்கேன். ஊகம்னு சொல்லிட்டுக் குடுப்பாக. பிடிக்கிறவனுக்குத் தெரியும். நீ எனக்குச் சொன்னியா?"

அவள் ஜீப்பைப் பார்த்தாள். "சொன்னா நீ நிறுத்திருப்ப."

"ஆமா."

"அதான்" என்றாள்.

ஜீப்புக்காரர் ஆள் சேர்ந்துவிட்டது என்று வண்டியைத் தட்டினார். "மோளே, கேறிக்கோ. வண்டிய எடுக்கப் போறேன்" என்றார். எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓட்டி ஓட்டி அவர் பேச்சில் தமிழும் மலையாளமும் கலந்திருந்தன. அவள் பின்பக்கம் ஏறி உட்கார்ந்தாள்.

"ஒனக்கும் சேத்துத்தான்டி பேசப் போறேன்" என்றாள்.

"எனக்குச் சேத்துப் பேசாத" என்றேன். அதுதான் நான் அவளிடம் கடைசியாகச் சொன்னது. வண்டி மலைப்பக்கம் திரும்பும்வரை அவள் என்னைப் பார்த்தபடியே இருந்தாள். நான் நல்லவிதமாகக் கை அசைத்துவிடுவேனோ என்று பயந்து கையைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

கொச்சிக்காரர்கள் அவளை வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள் என்று அவள் அம்மா பின்னால் சொன்னார். அவள் போனது எனக்குப் பெரிதில்லை. என் வாயிலிருந்து வந்த "தொட்டுட்டேன்" என்கிற சொல்லை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாளே, அதுதான். மாமாவிடம் நான் நல்ல மனதோடு சொன்ன சொல் அது. இப்போது யாரோ ஏசி அறையில் உட்கார்ந்து அதைக் கேட்டுத் தலையாட்டியிருப்பார்கள்.

மாமாவும் பங்காளியும் ஆளுக்கொரு வாடகை மோட்டாரை இறக்கினார்கள். அதற்குள் மாமாவின் தோட்டத்தில் மேட்டுப்பக்கக் கொடிகளில் காய் சுருங்கிவிட்டது. வியாபாரி வந்தார். பந்தலுக்குக் கீழே குனிந்து போய், ஒரு காயை விரலுக்கிடையில் வைத்து லேசாக அழுத்திப் பார்த்தார். விலை சொல்லாமல் வெளியே வந்து மோர் குடித்துவிட்டுப் போனார். நான் அன்று அங்கே இருந்தேன். அவர் போன பிறகுதான் மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். செத்த சென்சார், பசை, படம், எல்லாம்.

முழுதும் கேட்டார். "அந்தப் பிள்ளைக்கு முன்னயே தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

"தெரியும் மாமா."

"ஒனக்குத் தெரியாது."

"தெரியாது."

"ம்" என்றார். நம்பினாரா என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு சாப்பிட்டியா, பஸ் இருக்கா என்பதோடு அவர் பேச்சு நின்றுவிடுகிறது. "நீ சொல்ற, செய்யி" என்ற மனிதர். அவள் எனக்குச் செய்ததை நான் அவருக்குச் செய்துவிட்டேன். நான் செய்தது எனக்கே தெரியாது என்பது ஒன்றுதான் வித்தியாசம், சுருங்கின காய்க்கு அந்த வித்தியாசம் தெரியாது.

நடுவில் ஒருநாள் ஓடைப்பட்டி டீக்கடையில் பங்காளி என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா, அந்த மோட்டாரு இன்னும் அடியிலதான கெடக்கு. என் முறையில வந்து எறக்கிப் பாரேன். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார். தன் கை அதில் இருப்பது அவருக்கும் உறுத்தியிருக்க வேண்டும். நல்ல மனசுதான். ஆனால் மாமாவின் முதுகுக்குப் பின்னால் அந்தக் கிணற்றில் எதையும் இறக்க என்னால் முடியாது. டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அனுமந்தன்பட்டியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் இப்போது ஒரு டிரம் நிறையச் சேற்றுத் தண்ணீர் இருக்கிறது. கொடுக்கைப் புதிதாகச் செய்திருக்கிறேன். நுனியில் சென்சார் இல்லை, எண்ணெய் நிரப்பிய சின்ன ரப்பர் குமிழ். அதிலிருந்து தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷினில் வரும் மெல்லிய கெட்டிக் குழாய் ஒன்று மேலே வருகிறது. உறைக்குள் விரல் நுனியில் இன்னொரு குமிழ். கீழே அமுங்கினால் இங்கே உப்பும். இடையில் ஒயர் இல்லை, ஒரு வரி புரோகிராம் இல்லை, ஊகிக்க யாருமில்லை. விஆர் கண்ணாடியை விடவில்லை. ஆனால் உள்ளே பழைய படம் எதுவும் வராது. முதலில் வெறும் இருட்டு. கொடுக்கு எங்கே தொட்டதாக என் விரல் உணர்கிறதோ அங்கே கட்டைவிரலால் ஒரு பொத்தானை அமுக்குவேன், அந்த இடத்தில் ஒரு புள்ளி விழும். தொடத் தொடப் படம் வளரும். தொடாத இடம் இருட்டாகவே இருக்கும். அதை எழுதுகிற அளவுக்கு நானே புரோகிராம் படித்துக்கொண்டேன். வெறுப்பில் படித்தால் வேகமாக ஏறுகிறது.

குறை இருக்கிறது. குழாய் நீள நீள உணர்வு மங்குகிறது. அம்மா நான் பார்க்காதபோது டிரம்முக்குள் ஏதாவது போடுவார், நான் தொட்டுச் சொல்ல வேண்டும். பூட்டைப் பூட்டு என்று சொன்னேன். கத்தரிக்காயைக் கல் என்றேன். "கொழம்புக்கு இருந்தது அது ஒண்ணுதான், நீ தொட்டதுலயே பாதி நசுங்கிருச்சு" என்று அம்மா திட்டினார். சந்தேகமாக இருந்தால் தெரியவில்லை என்று சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறேன். எனக்கு அது குழாயைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

நாளை மறுநாள் மாமாவின் முறை. தண்ணீர் பாய்ச்சி முடித்து வாடகை மோட்டாரை நிறுத்துகிற நேரத்துக்குப் போவேன். முக்காலி வேண்டாம், இழுக்கிற ஆட்கள் வேண்டாம், கொக்கியும் இல்லை. வெறும் நண்டு. அடிக்குழிச் சேற்றில் அந்த மோட்டார் எப்படிக் கிடக்கிறது என்று தொட்டுப் பார்ப்பது மட்டும்தான் இந்தத் தடவை. உறையைப் பெரிதாகத் தைத்திருக்கிறேன், மாமாவின் தடித்த விரல் நுழைகிற அளவுக்கு. நண்டை நான் ஓட்டுவேன். தொடுவது அவர். கீழே இருப்பது இரும்பா, பாறையா, ஒன்றுமில்லையா என்று நான் ஒரு வார்த்தை சொல்லப் போவதில்லை. அவர் சொல்ல வேண்டும்.

உறைக்குள் கையை விட அவர் சம்மதிக்காமல் போகலாம். அப்படியானால் அதற்கடுத்த முறைக்கும் டிரம்மை மூடிவிட்டு இதையெல்லாம் தூக்கிக்கொண்டு போய் அந்தக் கிணற்று மேட்டில் நிற்பேன்.